விடியட்டும் என்று இருக்கலாமா, இப்போதே கிளம்ப வேண்டுமா?

[காட்சி: மூலையில் சுருண்டு படுத்திருக்கும் நாய். பக்கத்தில் தொடாத தட்டு.]

காலையில் வைத்த தயிர் சாதம் தட்டிலேயே காய்ந்து கிடக்கிறது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டு மறுபடியும் தலையைத் தரையில் வைத்துக்கொள்கிறது. ராத்திரி மணி ஒன்பது. இப்போதே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவதா, விடியட்டும் என்று விடுவதா?

நம்மில் பலர் முதலில் மூக்கைத்தான் தொட்டுப் பார்ப்போம். ஈரமாக இருந்தால் ஒன்றுமில்லை, காய்ந்திருந்தால் காய்ச்சல். நானும் அப்படித்தான் நம்பினேன். எங்கள் டைகர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூக்கு ஜில்லென்று இருந்தது, சும்மா விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் கூட்டிப் போனபோது டாக்டர் மூக்கைத் தொடவே இல்லை. மேலுதட்டைத் தூக்கினார். ஈறு, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. உண்ணிக் காய்ச்சல். ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தான்.

[காட்சி: உதட்டைத் தூக்கி, ஈறைக் கட்டைவிரலால் அழுத்துவது. மிக நெருக்கத்தில்.]

இதை நன்றாகப் பாருங்கள். அழுத்திய இடம் வெளுக்கும். விரலை எடுத்ததும் 2 விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்பிவிட வேண்டும். திரும்பத் தாமதமானாலோ, ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ மஞ்சளாகவோ இருந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். சில நாய்களுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அப்போது கீழ் இமையை மெல்ல இழுத்து உள்பக்கத்து நிறத்தைப் பாருங்கள். நன்றாக இருக்கும் நாளிலேயே ஒரு தடவை பார்த்து வைத்துக்கொண்டால்தான் வித்தியாசம் பிடிபடும்.

உடம்பைத் தொட்டுக் காய்ச்சல் சொல்வதும் சரிவராது. நமக்குக் காய்ச்சலாகத் தெரியும் 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட் நாய்க்கும் பூனைக்கும் சாதாரணச் சூடு. டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் கொஞ்சம் வாசலின் தடவி, ஆசனவாயில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 104 தாண்டினால் கிளம்புங்கள். மூச்சையும் எண்ணலாம். தூங்கும்போது நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். நாய் வெயிலில் ஓடிவிட்டு வந்து நாக்கைத் தொங்கப் போடுவது இயல்பு. பூனை சும்மா உட்கார்ந்த இடத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், அது இயல்பே இல்லை.

அப்புறம், கடுவன் பூனை வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

[காட்சி: மண் தட்டில் குந்தி முக்கும் பூனை.]

மலஜலம் கழிக்க வைத்திருக்கும் மண் தட்டுக்குப் போகிறது, குந்துகிறது, முக்குகிறது, கத்துகிறது, இறங்கி வந்து அந்த இடத்தை நக்குகிறது. ஐந்து நிமிடத்தில் மறுபடி போகிறது. பார்க்கிறவர்கள் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பல நேரம் அடைபட்டிருப்பது மூத்திரக் குழாய். ஆண் பூனைக்கு அந்தக் குழாய் ரொம்பக் குறுகலானது. மூத்திரம் வெளியேறாவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இரண்டு மூன்று நாளுக்குள் இதயமே நின்றுவிடும். மண்ணில் ஈரக் கட்டி இருக்கிறதா என்று கிளறிப் பாருங்கள். இல்லையென்றால் நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டியதுதான்.

எதற்குக் காத்திருக்கலாம்? வளர்ந்த நாய் புல்லைத் தின்று ஒரு தடவை வாந்தி எடுத்துவிட்டு, உடனே பந்தைத் தேடி ஓடுகிறதா? சரி, ஒரு நாள் பார்க்கலாம். அதே வாந்தி, தடுப்பூசி போடாத குட்டிக்கு வந்து, கூடவே நாற்றமடிக்கும் ரத்தக் கழிச்சலும் இருந்தால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். குட்டியின் உடம்பில் நீர் வற்ற நேரமே ஆகாது. அன்றைக்கே டிரிப்ஸ் ஏற வேண்டும். பெரிய ஜாதி நாய் வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அங்கே கணக்கு மணிகளில்தான். பூனை ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால் டாக்டரிடம் பேசிவிடுங்கள். பட்டினி நீண்டால் ஈரலில் கொழுப்பு படிந்துவிடும்.

ராத்திரி டாக்டர் கிடைக்கவில்லை என்று வீட்டு மாத்திரை டப்பாவைத் திறக்காதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. நாய்க்கு ஐபுப்ரோஃபென் கொடுத்தால் வயிற்றில் புண், அடுத்து சிறுநீரகம்.

கிளம்பும்போது வாந்தியை, கழிச்சலை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வலிப்போ தள்ளாட்டமோ வந்தால் பத்து விநாடி வீடியோ போதும். கிளினிக் மேஜையில் ஏறியதும் பாதி பிராணிகள் ஒன்றுமே இல்லாத மாதிரி நிற்கும். மாத்திரை எதையாவது தின்றிருந்தால் அந்த மாத்திரை அட்டையையே கொண்டு போங்கள். வலியில் கடிக்கும் என்று பயந்து நாயின் வாயைக் கட்டுகிறவர்கள், மூச்சு வாங்கும் நாய்க்கும் வாந்தி எடுக்கும் நாய்க்கும் மட்டும் கட்டாதீர்கள். போர்வையில் சுற்றித் தூக்கிக்கொள்ளுங்கள்.