இரண்டு இருக்கையும் ஒரு அரிசி மூட்டையும்

வணக்கம் நேயர்களே.

போன மாதம் இந்த நிலையத்துக்கு வேறு ஒரு அலுவலாக வந்தபோது, வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்கினேன். இறங்கினேன் என்பது சரியான சொல் இல்லை. நிலத்தோடு கிடக்கிற கார் அது. அதற்குள்ளிருந்து ஏறித்தான் வெளியே வரவேண்டும். ஒரு கையைக் கதவிலும் மறுகையை முழங்காலிலும் ஊன்றி நான் எழும்புவதை இந்த நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். "அண்ணை, இதிலையோ ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போறியள்?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப அதைப் பற்றியே வந்து பேசுங்கோவன்" என்றார். அதுதான் வந்திருக்கிறேன்.

கார் என்ன கார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாஸ்டா எம்எக்ஸ்-5. இங்கே கனடாவில் எல்லோரும் மியாட்டா என்பார்கள். 2019ஆம் ஆண்டுக் கார், இரண்டு இருக்கை, துணிக் கூரை, கையால் போடுகிற ஆறு கியர். மூன்று வருஷத்துக்கு முந்தி ஒரு ஒக்டோபர் மாதம் இரண்டாம் கையாக வாங்கினேன். கூரை திறக்கிற காரை ஒக்டோபரில்தான் வாங்கவேண்டும். மே மாதத்தில் விற்கிறவர் ஒரு டொலரும் குறைக்கமாட்டார். முதல் பனி விழப்போகிறது என்று வானொலியில் சொன்ன அன்றைக்கு அவரே கூப்பிட்டு விலை பேசுவார். அன்று தொட்டு ரொறொன்ரோவுக்குக் கிழக்கே இருக்கிற ஏஜாக்ஸிலிருந்து நகருக்குள் இருக்கிற நோர்த் யோர்க்குக்கு, போக நாற்பது கிலோமீற்றர், வர நாற்பது கிலோமீற்றர், வேலை நாளெல்லாம் இதுதான்.

எனக்கு இந்த ஆசை எங்கே பிடித்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் பெரியப்பாவிடம் ஒரு மொரிஸ் மைனர் நின்றது. தொண்ணூறுகளின் தொடக்கம், பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் என்பது மருந்துப் போத்தலில் அளந்து வைத்திருக்கிற சாமான். அதில் கொஞ்சத்தை விட்டுக் காரை ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பின்னால் வெள்ளைப் புகை எழும்பும். ஊரே அந்த மணத்தில்தான் ஓடியது. அந்தக் காரில்தான் நான் கிளச் பழகினேன். பிறகு இங்கே வந்து வாசிக்கும்போதுதான் தெரிந்தது: 1958இல் இங்கிலாந்தில் ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைட் என்று ஒரு மலிவான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் வந்தது, அதற்குள் இருந்த எஞ்சினும் மொரிஸ் மைனரின் எஞ்சினும் ஒரே குடும்பம். பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற காபரேற்றரை ஒன்றுக்கு இரண்டாக்கிக் கொஞ்சம் முறுக்கேற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். பெரியப்பாவின் கார் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று அப்போது தெரிந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டியிருப்பேன்.

அந்த வகை ஆங்கிலேயக் கார்கள் எண்ணெய் ஒழுக்குக்கும் மின்சாரக் கோளாறுக்கும் பேர் போனவை. 1980இல், அந்த வகையில் பேர்பெற்ற எம்ஜிபி என்ற காரைச் செய்வதும் நின்றுபோனது. அதற்கு முந்தைய வருஷம், பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார்ப் பத்திரிகையாளர், மாஸ்டாவின் பெரிய பொறியியலாளர் கெனிச்சி யமமோட்டோவிடம், அந்தப் பழைய ஆங்கிலேயக் கார் போல ஒன்றை நீங்கள் ஏன் செய்யக்கூடாது என்று கேட்டு, கரும்பலகையில் கீறியும் காட்டினாராம். பத்து வருஷம் கழித்து, 1989 பெப்ரவரியில், சிக்காகோ மோட்டார்க் கண்காட்சியில் மியாட்டா வந்து நின்றது. 2016இல் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. மழைக்கு ஒழுகாத, காலையில் சாவி போட்டதும் ஓடுகிற ஆங்கிலேயக் காரை, மாஸ்டாவின் ஊரான ஹிரோஷிமாவில் செய்தார்கள் என்று சொன்னால் விஷயம் முடிந்தது.

வரலாறு போதும். ஒவ்வொரு நாளும் ஓட்டினால் எப்படி இருக்கும்?

முதலில் சாமான் கதை. பின்பெட்டி 130 லீற்றர். விமானத்துக்குள் கையோடு கொண்டுபோகிற சின்னச் சூட்கேஸ் இரண்டு, அதோடு சரி. முன்னால் பத்திரம் வைக்கிற டாஷ்போர்ட் பெட்டிகூட இல்லை. இரண்டு இருக்கைக்கும் நடுவில், முதுகுப்பக்கம் ஒரு சின்ன அறை இருக்கிறது. மேலதிகச் சக்கரம் இல்லை. ரயர் காற்றுப்போனால் பசை அடைக்கிற போத்தலும் ஒரு சின்னப் பம்பும்தான். ஒருநாள் மார்க்கம் றோட்டில் நம்மட கடையொன்றில் இருபது கிலோ அரிசி மூட்டை வாங்கினேன். பின்பெட்டியில் மரக்கறியும் தேங்காயும். மூட்டையைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். கார் நகரத் தொடங்கியதும் மணி அடிக்கத் தொடங்கியது. ஆள் ஒருவர் பெல்ட் போடாமல் இருக்கிறார் என்று அதற்கு எண்ணம். சிவப்பு விளக்கில் நின்று அரிசிக்குப் பெல்ட் போட்டேன். பக்கத்து வாகனத்தில் இருந்த அம்மா ஒருவர் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அரிசிக்கு இடம் இருந்தது. ஆட்களுக்குத்தான் இல்லை. பியர்சன் விமான நிலையத்துக்கு ஊரிலிருந்து மாமி வருகிறா, கூட்டிக்கொண்டு வா என்றால் என்னால் முடியாது. மகளையும் மகளின் சிநேகிதியையும் நடன வகுப்பில் விடவேண்டும் என்றால் முடியாது. செத்த வீட்டுக்கு நாலு பேர் சேர்ந்து போகவேண்டும் என்றால், நான் யாரோ ஒருவரின் பின்சீற்றில்தான். கோயில் கார்த் தரிப்பிடத்தில் ஒரு ஐயா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, இவ்வளவு காசு குடுத்து அரைக் காரோ வாங்கினனீர்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

உண்மையைச் சொல்லவேண்டும். இந்தக் காரை நான் ஓட்டக்கூடியதாக இருப்பது வீட்டில் இன்னொரு மினிவான் நிற்பதால்தான். அதை ஓட்டுவது மனைவி. ஆகவே எல்லோரையும் ஏற்றி இறக்குவதும் மனைவி. மலிவான ஸ்போர்ட்ஸ் கார் என்கிறோமே, அந்த மலிவுக் கணக்கில் அந்த வானையும், மனைவியின் சனிக்கிழமைகளையும் யாரும் எழுதுவதில்லை. ஒரே கார்தான் வைத்திருக்க முடியும் என்கிற வீட்டுக்கு, பிள்ளைகள் இருந்தால், இந்தப் பக்கமே வரவேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அடுத்தது பனிக்காலம். "வின்ரரிலை என்ன செய்வீர்?" என்று கேட்காத ஆள் இல்லை. பின்சக்கரம் இழுக்கிற கார், பனியில் சுழன்று போகும் என்று பயப்படுகிறார்கள். ஆனால் சறுக்கலுக்குப் பெரிய காரணம் ரயர். கோடை ரயரின் இறப்பர் ஏழு பாகைக்குக் கீழே இறுகத் தொடங்கும், இறுகினால் பிடிக்காது. கியூபெக்கில் பனிக்கால ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டால் காப்புறுதியில் கழிவு தரவேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். நல்ல பனிக்கால ரயர் நாலையும் தனி றிம்மில் பூட்டி வைத்திருக்கிறேன். நொவெம்பரில் மாற்றினால் ஏப்ரல் வரைக்கும் பயமில்லாமல் ஓடும்.

என்னை மறித்தது சறுக்கல் இல்லை, உயரம். இரவில் பனி வாரும் வண்டி தெருவைத் துப்புரவாக்கிவிட்டு, நம் வீட்டு வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகும். பெரிய வாகனக்காரர் அதை மிதித்துக்கொண்டு போவார்கள். நான் சவலோடு நிற்பேன். வயல் வரம்பு வெட்டின கை மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு வெட்டுவேன். இரண்டு மூன்று நாள் கடும் பனி கொட்டினபோது காரை விட்டுவிட்டு, புறநகரிலிருந்து நகருக்குள் ஓடுகிற கோ ரயிலில் போயிருக்கிறேன். பிறகு உப்பு. வீதியில் கொட்டுகிற உப்பு அடித்தட்டை அரிக்கும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அடியில் எண்ணெய் அடிக்கக் கொடுக்கிறேன். இரண்டு நாள் கார் நின்ற இடமெல்லாம் சொட்டும். வீட்டு வாசலில் கார்ட்போட் விரித்து வைக்கவேண்டும்.

ஒருமுறை கால் விரிப்பு முழுக்க நனைந்து கிடந்தது. கூரை கிழிந்துவிட்டதாக்கும் என்று நெஞ்சு பதறியது. கூரையில் ஒன்றுமில்லை. கூரை மடிகிற இடத்தில் தண்ணீர் வடிய இரண்டு பக்கமும் துவாரம் உண்டு. வாசல் மேப்பிள் மரத்து இலைச் சருகு போய் அடைத்துவிட்டது. மரத்துக்குக் கீழே விட்டவன் நான், துப்புரவாக்காதவனும் நான். இப்போது மாதம் ஒருமுறை மெல்லிய நைலோன் நூல் விட்டுக் குத்துகிறேன். குழலில் அடைத்த புட்டைக் குத்துகிற அதே வேலைதான்.

401 நெடுஞ்சாலையைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. விமான நிலையத்துப் பக்கம் பதினெட்டு ஒழுங்கை வரை விரிகிற வீதி அது. பக்கத்தில் ஒரு பெரிய கொள்கலன் லொறி வந்தால் என் கண்ணுக்கு நேரே அதன் சக்கரத்து நட்டுகள். என் கார் நிலத்திலிருந்து ஒன்றேகால் மீற்றர்கூட உயரமில்லை. உயரமான வாகனக்காரர் கண்ணாடியில் பார்த்தால் நான் இல்லை. என்னை ஒருவரும் காணவில்லை என்று எண்ணிக்கொண்டுதான் ஓட்டுகிறேன். லொறிக்குப் பக்கத்தில் நிற்பதேயில்லை, ஒன்று முந்துவேன் அல்லது பின்வாங்குவேன். நெரிசலில் இடது முழங்கால் கிளச்சோடு படுகிற பாடு தனி. சத்தமும் அதிகம். அம்மா போன் எடுத்தால், "எங்கை நிக்கிறாய், கடற்கரையிலையோ?" என்று கேட்கிறா.

இவ்வளவும் சொல்கிறாய், பிறகு ஏன் வைத்திருக்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம்.

இந்தக் காரின் பாரம் சுமார் 1,060 கிலோ. எங்கள் மினிவான் அதைப்போல இரண்டு மடங்கு. இரண்டு லீற்றர் எஞ்சின், 181 குதிரைவலு. இன்றைய கணக்கில் அது பெரிய வலுவே இல்லை. பாரம் குறைந்ததால் அது போதும். ஸ்ரியரிங்கை விரலளவு திருப்பினால் முகம் உடனே திரும்புகிறது. எங்கள் வீட்டுக்குப் போக நெடுஞ்சாலையை விட்டு இறங்குகிற வளைவு ஒன்று இருக்கிறது. மினிவானில் போனால் அது ஒரு வளைவு என்றே தெரியாது. இதில் போகும்போது மூன்றாம் கியருக்கு இறக்கி, உள்ளே விட்டு, பாதியில் மெல்ல அழுத்தினால், பின்பக்கம் முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல இருக்கும். வேகமுள்ளு அறுபதைத்தான் காட்டும். பன்னிரண்டு செக்கன் சந்தோஷம். காலை ஒன்று, மாலை ஒன்று.

அறுபது என்று சொன்னேனே, அதுதான் விஷயம். ஒன்ராறியோவில் எண்பதுக்குக் குறைந்த எல்லை உள்ள வீதியில் எல்லையை நாற்பது தாண்டினாலே அது சாகச ஓட்டம் என்ற குற்றம். காரைப் பதினாலு நாளைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஐந்நூறு குதிரைவலுக் கார் வைத்திருக்கிற சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். அவருடைய கார் முதல் கியரில் உறுமுவதோடு அவருடைய சந்தோஷம் சட்டத்தில் இடித்து நின்றுவிடும். நான் கியர் ஒவ்வொன்றாக மாற்றி, எஞ்சினைக் கதறவிட்டு, கைகால் எல்லாம் வேலை செய்து, எல்லைக்குள்ளேயே வீடு வருகிறேன். இதைக் கராஜில் போர்த்து மூடி வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மனுசன் எப்படியும் சந்தோஷமாகத்தானே இருக்கிறான். செவ்வாய்க்கிழமைக்குத்தான் ஏதாவது தேவை.

இன்னொன்று, கூரை. ஒரு கொக்கியைக் கழற்றிக் கையால் பின்னுக்குத் தள்ளினால் போதும். சிவப்பு விளக்கு மாறுவதற்குள் முடிந்துவிடும். கிழக்கே வீடும் மேற்கே வேலையும் இருப்பதால் காலையிலும் மாலையிலும் சூரியன் எனக்கு முதுகுப்பக்கம். வீடு வாங்கும்போது இப்படி ஒரு நன்மை இருக்கும் என்று தரகர் சொல்லவில்லை. கூரை திறந்திருந்தால் ஊர் உள்ளே வரும். ஸ்காபரோவில் மாலை ஆறு மணிக்குச் சிக்னலில் நின்றால் கொத்து ரொட்டி அடிக்கிற தகரச் சத்தம் கேட்கும். அடுத்த சந்தியில் றோல்ஸ் பொரிகிற மணம். மே மாதத்தில் லைலக் பூ. ஜூலை இரவில் ஸ்கங்க் என்கிற நாற்றம் பிடித்த பிராணி. அந்த நாற்றத்துக்கு முன்னால் கூரையை மூடவும் நேரம் கிடையாது, மூடியும் பிரயோசனமில்லை.

செலவு? 100 கிலோமீற்றருக்கு ஏழரை லீற்றர் அளவில் குடிக்கிறது, ஆனால் பிறீமியம் பெற்றோல் விடச் சொல்கிறார்கள். ரயர் சின்னது, பிரேக் கட்டை கனகாலம் வருகிறது. காப்புறுதி பயந்த அளவு ஏறவில்லை. உங்களுக்கு எப்படியோ, காரை வாங்கமுன் காப்புறுதித் தரகரிடம் எழுத்தில் கேளுங்கள்.

வாங்க நினைக்கிறவர்கள் இரண்டாம் கைக் காரை லிஃப்டில் ஏற்றி அடித்தட்டைப் பாருங்கள். இருக்கைக்குப் பின்னால் விரிப்பைக் கையால் அழுத்தி ஈரம் பாருங்கள். அதோடு, கணவனோ மனைவியோ, வீட்டுக்காரரைப் பக்கத்தில் இருத்தி இருபது நிமிஷம் நெடுஞ்சாலையில் ஓடிவிட்டு, இறங்கினதும் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். என் மனைவி தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு, "உங்களுக்கு ஆசையெண்டால் வாங்குங்கோ. சீலையோடை கோயிலுக்கு நான் இதிலை வரமாட்டன்" என்றா. மூன்று வருஷமாயிற்று. இன்றைக்கு வரைக்கும் வந்ததில்லை.

நன்றி நேயர்களே, வணக்கம்.