பூட்ஸைக் கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள்

[காட்சி: மாலை நேரம். செம்பனைத் தோட்டத்திலிருந்து திரும்பியவர் வீட்டுப் பின்புறக் குழாயடியில் பூட்ஸைக் கழற்றுகிறார். சேறு கழுவிய பாதம் திரை முழுவதும்.]

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களுக்கு இது அன்றாடக் காட்சி. சேறு போனதும் கால் துடைத்து உள்ளே போய்விடுவோம். உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பவர் அரிது. இன்று அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு வருவது என்று நம்மவர்கள் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. நம் தோலிலுள்ள மெலனின் என்ற கருநிறமி வெயிலின் புற ஊதாக் கதிர்களை ஓரளவு தடுப்பதால் நமக்கு இந்நோய் குறைவு. குறைவு என்பதாலேயே யாரும் தேடுவதில்லை. முற்றிய பிறகுதான் தெரியவருகிறது. இதுதான் என் கவலை.

[காட்சி: கால் பெருவிரல் நகம். அதில் கருங்கோடு வரைந்து காட்டப்படுகிறது.]

தோல் புற்றுகளில் மிகவும் பொல்லாதது மெலனோமா. கருநிறமியை உண்டாக்கும் செல்களிலேயே பிறப்பது. நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு இது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருகிறது. பூட்ஸுக்குள் வெயிலே படாத இடம் அது. ஆகவே, "நான் மர நிழலில்தானே வேலை செய்கிறேன்" என்று இருந்துவிட முடியாது. பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் விரல் நகத்தடியில் கண்டுபிடிக்கப்பட்டது இதே நோய்தான். 1981-இல், 36 வயதில் அவர் இறந்தார்.

நகத்தில் கோடு தெரிந்தாலே பதற வேண்டாம். கருத்த தோல் உள்ள பலருக்குப் பல நகங்களில் பழுப்புக் கோடு இயல்பாகவே இருக்கும். ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி, நாளுக்கு நாள் அகலமாகி, கருமை நகத்தைத் தாண்டிப் பக்கத்துத் தோலிலும் இறங்கும் கோடுதான் ஆபத்தானது. அடிபட்டுக் கட்டிய ரத்தமாக இருந்தால் நகம் வளர வளர அதுவும் நுனியை நோக்கி நகர்ந்துவிடும். அப்படி நகராமல் நின்றால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடம்பில் உள்ள மச்சங்களுக்கும் கணக்கு உண்டு. ஆபத்தான மச்சத்தில் ஒரு பாதி மறு பாதியைப் போல இராது. ஓரம் கிழிந்த துணிபோல் இருக்கும். நிறம் திட்டுத்திட்டாக இருக்கும். 6 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கும். இவற்றைவிட நான் பெரிதாக நினைப்பது, அது மாறுகிறதா என்பதைத்தான். முப்பது ஆண்டுகள் சும்மா இருந்த மச்சம் திடீரென்று வளர்ந்தாலோ அரித்தாலோ ரத்தம் கசிந்தாலோ அதற்குக் காரணம் தெரிந்தாக வேண்டும்.

[காட்சி: முழங்காலுக்குக் கீழே பழைய தீக்காயத் தழும்பு. மாதிரிப் படம்.]

அடுத்தது, தோலின் மேலடுக்குச் செல்களில் பிறக்கும் ஸ்குவாமஸ் செல் புற்று. இதை நான் வீட்டிலேயே பார்த்தேன். என் பெரியப்பாவுக்குச் சிறு வயதில் வெந்நீர் கொட்டிய தழும்பு கெண்டைக்காலில் இருந்தது. அறுபது வயதில் அந்தத் தழும்பின் நடுவே ஒரு புண். "உரம் பட்டிருக்கும்" என்று மஞ்சள் வைத்துக் கட்டினார். ஒரு கிளினிக்கில் களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். ஓராண்டில் புண்ணின் ஓரம் கயிறுபோல் தடித்து, நடுவில் சதை பூத்து, நாற்றமும் வந்தது. அதன்பிறகுதான் சதைத் துண்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றை அறுத்தெடுத்து, தொடைத் தோலை ஒட்டினார்கள். கால் பிழைத்தது. முதல் மாதமே போயிருந்தால் அவ்வளவு வெட்டவேண்டி இருந்திருக்காது. பழைய தழும்பிலோ நாள்பட்ட புண்ணிலோ வந்த மாற்றத்தைத் தயவுசெய்து சாதாரணமாக எண்ணாதீர்கள்.

தாத்தா பாட்டி காலத்து ரப்பர் தோட்டங்களில் லாலாங் புல்லை அழிக்க சோடியம் ஆர்சனைட் என்ற ஆர்சனிக் நஞ்சை அடித்தார்கள். ஆர்சனிக் உடம்பில் சேர்ந்தால், பல ஆண்டுகள் கழித்துக்கூட உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிறுசிறு கெட்டி முண்டுகள் வரலாம். அவற்றில் சில புற்றாக மாறும். கால் ஆணி என்று பிளேடால் சீவிவிடாதீர்கள். அந்த வேலை செய்த பெரியவர் வீட்டில் இருந்தால் அவர் கையை விரித்துப் பாருங்கள்.

மூன்றாவது வகையான பேசல் செல் புற்று மெதுவாக வளர்வது, பரவுவது மிக அரிது. மூக்கு, கண்ணிமை போன்ற இடங்களில் முத்துபோல் பளபளக்கும் சிறு கட்டி. நம் தோலில் கருப்பாகவும் இருக்கும். பொருக்கு உதிரும், ரத்தம் வரும், ஆறியதுபோல் இருக்கும், மீண்டும் ரத்தம் வரும். விட்டுவைத்தால் உள்ளே அரித்துக்கொண்டே போகும்.

சந்தேகமான மச்சத்தையோ மருவையோ சுண்ணாம்பு வைத்துச் சுடாதீர்கள், தலைமுடியால் கட்டாதீர்கள். மேலே உதிர்ந்தாலும் வேர் உள்ளேயே இருக்கும். பரிசோதிக்கவும் ஒன்றும் மிஞ்சாது. கத்தி பட்டால் புற்று பரவும் என்ற பயமும் வேண்டாம். துண்டு எடுத்துப் பார்க்காமல் மருத்துவரால் உறுதி சொல்ல முடியாது.

அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். சந்தேகமான இடத்தின் பக்கத்தில் 20 சென் காசு வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். அடுத்த மாதம் அதே காசோடு மீண்டும் எடுத்தால் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். நான்கு வாரத்தில் ஆறாத புண் என்றால், "தோல் நிபுணரிடம் அனுப்புங்கள், டாக்டர்" என்று நீங்களே கேளுங்கள்.

[காட்சி: அதே குழாயடி. மகள் கைபேசி வெளிச்சத்தில் அப்பாவின் கால் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்கிறாள்.]

"கூசுதா, அப்பா? கொஞ்சம் பொறுங்கள். சுண்டுவிரல் இடுக்கு இன்னும் பாக்கி."