நேர்முகத் தேர்வுக்கு முன் ஒரு வாரம்

நேயர்களுக்கு வணக்கம். உதவித்தொகையோடு பிஎச்.டி. சேர விண்ணப்பித்தீர்கள், நேர்முகத் தேர்வுக்கு அழைப்பும் வந்துவிட்டது. உடனே பாடப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்காதீர்கள். எம்.எஸ்ஸி.யில் நீங்கள் எழுதிய ஆய்வேட்டை எடுங்கள்.

வைகைத் தண்ணீரில் நைட்ரேட் அளவு பார்த்த ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். ஏன் இந்த இடங்களில் மாதிரி எடுத்தாய்? சாக்கடை கலக்கும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் எடுத்தாயா? ஆறு வறண்ட மாதத்தில் என்ன செய்தாய்? அணை திறந்த மறுநாள் எடுத்திருந்தால்? நேர்முகத் தேர்வுக் குழுவினர் இப்படித்தான் குடைவார்கள். "கைடு சொன்னார், செய்தேன்" என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். அதோடு நிறுத்தக் கூடாது. "அன்று நான் அளக்கவில்லை. தண்ணீர் பெருகுவதால் அளவு குறையலாம்; வயல்களிலிருந்து உரம் அடித்து வந்தால் கூடவும் செய்யலாம். திறப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்." எனக்கு இது மனப்பாடமான சரியான விடையைவிட உயர்ந்த பதில். ஆராய்ச்சிக்கு ஆள் எடுப்பவர் தேடுவதும் இந்த யோசனையைத்தான்.

அப்புறம், வழிகாட்டியாக வரப்போகிறவரின் கட்டுரை ஒன்றையாவது வரைபடங்களோடு முழுதாகப் படியுங்கள். பத்துக் கட்டுரையின் சுருக்கத்தை மேய்வதில் பயனில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி.யின் 2022 விதிப்படி, பல்கலைக்கழகமே நுழைவுத் தேர்வு வைத்தால் எழுத்துக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று மதிப்பு. ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் அது எஸ்.ஆர்.எஃப். என்ற முதுநிலை உதவித்தொகையாக மாறியதும் 42,000. ஆனால் பேராசிரியரின் ஆய்வு புராஜெக்ட் பணத்தில் வரும் இடமென்றால், புராஜெக்ட் முடிந்ததும் பணமும் நின்றுவிடலாம். பிஎச்.டி. முடியும்வரை பணம் உண்டா என்று கேளுங்கள். பணத்தைப் பற்றிக் கேட்பது மரியாதையில்லை என்பார்கள் வீட்டில். நான் அப்படி நினைக்கவில்லை.

ஜெர்மனி போன்ற நாடுகளுக்கு ஆன்லைனில் பேசுவதென்றால் நேரத்தைச் சரிபாருங்கள். அவர்களின் கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம்; குளிர்காலத்தில் நாலரை. அன்று உங்கள் தெருவுக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் முந்தின நாளே வேறு ஏரியாவில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் ஓர் அறை சொல்லி வையுங்கள். வணக்கம்.