சுமந்து வந்த கல்

வணக்கம் நேயர்களே. எங்கள் பின்வளவில் அம்மம்மாவின் அம்மி இன்னும் கிடக்கிறது. மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் நாங்கள் இருக்கும் பக்கம் எங்கே தோண்டினாலும் மணல்தான். அந்தக் கருங்கல் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து மாட்டுவண்டியில் வந்தது என்று அம்மம்மா சொல்லுவா. உலகின் மிகப் பழைய கல் உருவங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வண்டிதான் நினைவுக்கு வரும். செதுக்கியவர் யார் என்பதற்கு முன், சுமந்தவர் யார் என்று கேட்கத் தோன்றும்.

தென்னாபிரிக்காவின் மக்கபன்ஸ்காட் குகையில் 1925 இல் ஒரு செந்நிறக் கூழாங்கல் கிடைத்தது. கால் கிலோவுக்குச் சற்றுக் கூட. உளியே படாத கல். இயற்கையாகவே இரண்டு கண்ணும் ஒரு வாயும் விழுந்திருக்கின்றன. ஆனால் அந்த வகைக் கல் அந்தக் குகையில் இல்லை. பல கிலோமீற்றர் தள்ளித்தான் இருக்கிறது. ஏறத்தாழ 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், இன்னும் மனிதராகாத ஒரு உயிர் அதில் முகத்தைக் கண்டு தூக்கி வந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். நான் அதை நம்புகிறேன். வேப்பமரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, அம்மனைக் காண்கிற நமக்கு அது புரியாத காரியமா?

ஒஸ்ரியாவின் வில்லண்டோர்ஃபில் 1908 இல் கிடைத்த பெண் உருவத்துக்கோ முகமே இல்லை. தலை முழுக்கச் சுற்றுச் சுற்றாகப் பின்னல் வரிகள். கனத்த மார்பு, சரிந்த வயிறு. உயரம் 11 சென்ரிமீற்றர், உள்ளங்கையில் அடங்கும். பாதம் இல்லாததால் தானாக நிற்காது, கையில்தான் ஏந்த வேண்டும். மேலே செங்காவி பூசிய தடமும் இருக்கிறது. வயது சுமார் 30,000 ஆண்டு. அந்தச் சுண்ணாம்புக்கல்லை ஊடுகதிரால் பார்த்து 2022 இல் ஒரு முடிவு சொன்னார்கள்: வட இத்தாலியின் கார்டா ஏரிப்பக்கக் கல்லோடுதான் அது மிக நெருக்கமாகப் பொருந்துகிறது. ஏரி அல்ப்ஸ் மலைக்கு அந்தப் பக்கம், உருவம் கிடைத்தது இந்தப் பக்கம். எத்தனை கை மாறியிருக்கும்!

கிரேக்கத் தீவுகளில் கைகட்டி நிற்கும் சலவைக்கல் உருவங்களும் உண்டு. அழகுதான், ஆனால் என் மனம் போய் நிற்பது டனூப் ஆற்றங்கரையில். சேர்பியாவின் லெப்பென்ஸ்கி வீரில் 8,000 ஆண்டுகளுக்கு முன் மீன்பிடித்து வாழ்ந்தவர்கள், உருண்டையான மணற்கற்களை வீட்டுக்குள் கொண்டுவந்து அடுப்படியில் பதித்தார்கள். பிதுங்கிய வட்டக் கண், கீழே வளைந்து அகன்ற வாய். பாதி மனிதர், பாதி மீன். கல்லடி வாவியில் தோணியை நிறுத்தி, தண்ணீருக்குள் விட்ட துடுப்பில் காது வைத்து மீன்பாட்டுக் கேட்ட ஊர்க்காரருக்கு அந்த வாய் அந்நியமில்லை. அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்த அன்று நான் வெகுநேரம் பக்கத்தைப் புரட்டவில்லை.

அப்புறம் டனூப்பில் அணை கட்டினார்கள். நீர் ஏறுவதற்கு முன் அந்தக் குடியிருப்பையே பெயர்த்து மேட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். மீன்முகக் கற்களை மனிதர் மறுபடியும் சுமந்தார்கள்.