ஒரே ஜீப்பில் நான்கு பேர்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் நேருக்கு நேர் சண்டை போடாமல் பகைத்துக்கொண்டிருந்த பனிப்போர் தவிர்க்க முடியாதது என்கிறார்கள். தவிர்க்க வழி இருந்தது என்கிறேன் நான்.

1945 ஏப்ரல் 25. ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரை, டோர்காவ் பக்கம். மேற்கிலிருந்து வந்த அமெரிக்கச் சிப்பாயும் கிழக்கிலிருந்து வந்த சோவியத் சிப்பாயும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அதற்கப்புறம் மூன்று வாரம்கூட ஆகவில்லை. சோவியத்துக்கு உதவிப் பொருள் ஏற்றிப்போன கப்பல்களை நடுக்கடலில் திருப்பச் சொல்லி அமெரிக்காவிலிருந்து உத்தரவு போனது. ஐரோப்பாவில் போர் முடிந்துவிட்டது, உதவியும் முடிந்தது என்பது கணக்கு. சட்டப்படி சரிதான். ஆனால் பந்தியில் உட்கார்ந்தவன் முன்னாலிருந்து இலையை உருவினால் எப்படி இருக்கும்? உத்தரவை உடனே மாற்றினார்கள். என்றாலும், மே கடைசியில் அமெரிக்க அதிபர் ட்ரூமனின் தூதராக ஹாப்கின்ஸ் மாஸ்கோ போனபோது சோவியத் தலைவர் ஸ்டாலின் இந்தப் பேச்சை எடுத்தார். நிறுத்தியதைவிட நிறுத்திய விதம்தான் அவருக்கு உறுத்தியது.

இன்னொன்று கேளுங்கள். அதே வருடம் ஆகஸ்டில் சோவியத் தரப்பு அமெரிக்காவிடம் நூறு கோடி டாலர் கடன் கேட்டது. போரில் 2 கோடியே 70 லட்சம் பேரை இழந்த நாடு. மாதக்கணக்கில் பதிலே இல்லை. 1946 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறை என்ன சொன்னது தெரியுமா? அலுவலகக் கோப்புகளை இடம் மாற்றியபோது அந்த விண்ணப்பம் எங்கோ தவறிவிட்டதாம்! நம் ஊர் தாலுகா ஆபீஸ் தேவலை.

ஸ்டாலினை நல்லவராக்க நான் வரவில்லை. பேச்சுவார்த்தைக்கென்று அழைத்த 16 போலந்துத் தலைவர்களைப் பிடித்து மாஸ்கோ சிறைக்குக் கொண்டுபோனவர் அவர். சந்தேகப்பட அமெரிக்காவுக்கும் காரணம் இருந்தது.

அப்படியானால் வேறு வழியே இல்லையா? ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவைப் பாருங்கள். பெர்லினைப் போலவே அதையும் நான்கு வல்லரசுகள் பங்கு போட்டுக்கொண்டன. ஆனால் நகரத்தின் நடுப்பகுதி நால்வருக்கும் பொது. அமெரிக்கர், ரஷ்யர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என நாட்டுக்கு ஒருவராக, ஒரே ஜீப்பில் ரோந்து போவார்கள். ஒருவருக்கொருவர் பாஷை புரியாது, ஊரில் பனிப்போர் வேறு. ஆனாலும் ஜீப் ஓடியது.

ஆஸ்திரியாவில் இன்னொரு காரியமும் நடந்தது. 1945லேயே நாடு முழுவதற்கும் ஒரே அரசு அமைந்துவிட்டது. முதலில் அதை உட்கார வைத்தது சோவியத்; மற்றவர்கள் முகம் சுளித்தார்கள், அக்டோபரில் ஏற்றுக்கொண்டார்கள். நவம்பரில் தேர்தலும் வந்தது. அதனால்தான் 1955 மே 15 அன்று வியன்னாவின் பெல்வெடெர் மாளிகையில், நாட்டுக்கு விடுதலை தந்த ஒப்பந்தத்தில் ஆஸ்திரியா சார்பில் கையெழுத்துப் போட ஓர் ஆள் இருந்தார். வெளியுறவு அமைச்சர் ஃபிகல் மாடத்தில் நின்று ஒப்பந்தத்தைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார். ஆஸ்திரியா நடுநிலை நாடானது; அந்த வருடமே நான்கு படைகளும் ஊர் திரும்பின.

ஜெர்மனியில் அப்படி ஒரு பொது அரசை யாரும் வளர விடவில்லை. ஆஸ்திரியா சின்ன நாடு, ஜெர்மனியிடம் ரூர் என்ற தொழில் பகுதியின் நிலக்கரியும் எஃகும் இருந்தன. எதிராளி கைக்குப் போய்விடுமோ என்று இரு தரப்புக்கும் பயம். அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் 1952 மார்ச் 10 அன்று, ஒன்றுபட்ட, யாருடைய ராணுவக் கூட்டணியிலும் சேராத ஜெர்மனிக்குத் தயார் என்று ஸ்டாலின் மற்ற மூன்று வல்லரசுகளுக்கும் ஒரு குறிப்பு அனுப்பினார். அது வெறும் நாடகம் என்பவர்கள் உண்டு. இருக்கட்டுமே, உட்கார்ந்து பேசியிருந்தால் நாடகம் அங்கேயே வெளுத்திருக்கும். செப்டம்பர் வரை குறிப்புகள்தான் போய் வந்தன. நால்வரும் ஒரு மேஜையில் உட்காரவே இல்லை. அடுத்த மார்ச்சில் ஸ்டாலின் இறந்துபோனார்.