ரூட்டுக்குத் திறக்கும் திரை மாணவருக்கு ஏன் திறப்பதில்லை?

[திரையில்: புகுபதிகைப் பக்கம். கடவுச்சொல் இட்டதும் திரை கறுக்கிறது. அதே பக்கம் மீண்டும் தோன்றுகிறது.]

வணக்கம். நீங்கள் பார்ப்பது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஒரு டியூஷன் மையத்தில் உள்ள பழைய உபுண்டு கணினி; உபுண்டு என்பது லினக்ஸ் வகை இயங்குதளம். மாணவர் கடவுச்சொல்லைச் சரியாகத்தான் கொடுக்கிறார். இருந்தும் திரை ஒரு கணம் கறுத்து, புகுபதிகைப் பக்கத்துக்கே திரும்பிவிடுகிறது. எல்லா உரிமைகளும் கொண்ட நிர்வாகக் கணக்கான ரூட்டுக்கு மட்டும் மேசைத்தளம் தடையின்றித் திறக்கிறது.

இந்த வேறுபாடே நமக்குக் கிடைத்த முதல் தடயம். ரூட்டுக்குப் படம் வருகிறது என்றால் வரைகலை அட்டையும், திரையில் படத்தைக் காட்டும் நிரலான எக்ஸ் சர்வரும் பெரும்பாலும் நலமாகவே உள்ளன. ஆகவே இயங்குதளத்தை அழித்து மீண்டும் நிறுவ வேண்டாம். பிள்ளைகளின் பாட வேலைகள் அந்த வட்டில்தான் இருக்கின்றன.

[திரையில்: கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகள்.]

இம்மூன்றையும் சேர்த்து அழுத்தி, எழுத்துத் திரையில் மாணவரின் பெயரிலேயே நுழையுங்கள். முதலில் டிஎஃப் கட்டளையால் வட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, வழக்கமான அமைப்பில், 5 விழுக்காட்டு இடத்தை ரூட்டுக்கென்றே ஒதுக்கி வைக்கிறது. அதனால் வட்டு நிரம்பிய பின்னும் ரூட் எழுத முடியும். மாணவரால் ஒரு சிறு கோப்பைக்கூட எழுத இயலாது. மேசைத்தளமோ தொடங்கும்போதே சில கோப்புகளை எழுதியாக வேண்டும். இதுதான் காரணமென்றால், பழைய பதிவுகளையும் தேங்கிய நிறுவல் பொதிகளையும் நீக்கினாலே போதும்.

இந்தக் கணினியில் இடம் இருக்கிறது. அடுத்து, மாணவரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவில் மறைந்துள்ள கோப்புகளின் உரிமையாளர் யார் என்று பார்ப்போம்.

[திரையில்: கோப்புப் பட்டியல். டாட் எக்ஸ்அத்தாரிட்டிக்கு நேரே "ரூட்" என்ற சொல் ஒளிர்கிறது.]

எக்ஸ் சர்வரிடம் காட்ட வேண்டிய அனுமதிச் சீட்டு இந்தக் கோப்பில்தான் இருக்கிறது. யாரோ அவசரத்தில், ரூட் உரிமை தரும் சூடோவுடன், மேசைத்தளத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்எக்ஸ் கட்டளையை இயக்கியிருக்கிறார். 19.10க்கு முந்தைய உபுண்டுவில், சூடோவுக்குப் பிறகும் ஹோம் அடைவு அந்தப் பயனருடையதாகவே நீடிக்கும் என்பதால், கோப்பு மாணவரின் அடைவிலேயே ரூட்டின் உடைமையாகிவிட்டது. தம் சீட்டைத் தாமே படிக்க முடியாத நிலை மாணவருக்கு.

நிர்வாகி சௌன் கட்டளையால் உரிமையை மாணவருக்கு மாற்றித் தரலாம். நிர்வாகி அருகில் இல்லையென்றாலும் வழியுண்டு: ஒரு கோப்பின் பெயரை மாற்ற அது இருக்கும் அடைவில் எழுதும் உரிமை இருந்தால் போதும் என்பதால், மாணவரே அதற்கு வேறு பெயர் இடலாம். அடுத்த நுழைவில் புதிய கோப்பு உருவாகிவிடும். இதேபோன்ற இன்னொரு அனுமதிக் கோப்பான டாட் ஐஸ்அத்தாரிட்டியையும் இவ்வாறே சரிபாருங்கள்.

அப்படியும் திறக்கவில்லையென்றால், தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவின் அனுமதி 1777 என்று, அதாவது எல்லோரும் எழுதலாம், பிறர் கோப்பை அழிக்க முடியாது என்று இருக்கிறதா எனப் பாருங்கள். பிறகு, பிழைகள் பதிவாகும் டாட் எக்ஸ்செஷன்-எரர்ஸ் கோப்பின் கடைசி வரிகளைப் படியுங்கள்.

[திரையில்: மாணவரின் மேசைத்தளம் திறக்கிறது.]

இடைக்கால ஏற்பாடாக மாணவர்களுக்கு ரூட் கடவுச்சொல்லைச் சொல்லியிருந்தால், அதை இன்றே மாற்றிவிடுங்கள்.