சிறுத்தைப் பல்லி வாங்கப் போகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

நாய் வளர்க்க வீட்டில் இடமில்லை, பூனை முடி ஒத்துக்கொள்ளாது, மீன் வேண்டாமாம். கடைசியில் பிள்ளை கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இது வாங்கித் தாங்கோ" என்று நிற்கும். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், தடித்த வால், சிரிப்பது போல வளைந்த வாய். லெப்பர்ட் கெக்கோ, நம் பேச்சில் சிறுத்தைப் பல்லி. இங்கே லண்டனில் ஊர்வன விற்கிற கடை எதற்குள் போனாலும், முதல்முறை வளர்ப்பவருக்கு முதலில் காட்டுவது இதைத்தான். வீட்டில் பாட்டி இருந்தால் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: ஊரில் சுவர் முழுக்கச் சும்மா ஓடியதை இங்கே பவுண்ட் கொடுத்து வாங்குவதா?

பாட்டியின் கேள்வி நியாயமானதுதான். ஆனால் இது அந்தப் பல்லி இல்லை. விரல்களில் ஒட்டும் பட்டை கிடையாது, சிறு நகங்கள்தான். அதனால் கண்ணாடியில் ஏறாது, கூரையிலிருந்து யார் தலையிலும் விழாது. பஞ்சாங்கத்தில் பலன் தேடும் வேலை மிச்சம். வீட்டுப் பல்லிக்கு இல்லாத இமை இதற்கு உண்டு. கண்ணை மூடித் தூங்கும், நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டும். பிள்ளைகள் மயங்குவது அந்தச் சிமிட்டலில்தான் என்று நினைக்கிறேன்.

இதன் சொந்த இடம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தானின் கிழக்குப் பகுதி, இந்தியாவின் வடமேற்கு ஓரம். கல்லும் காய்ந்த புல்லுமான வறண்ட நிலம். எட்வர்ட் பிளித் என்ற விலங்கியலாளர் 1854இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். பகலில் பாறை இடுக்கில் கிடந்து, அந்தி சாய்ந்ததும் பூச்சி தேட வெளியே வரும். அங்கே குளிர்காலம் கடுமையானது, இரை கிடைக்காத மாதங்களும் உண்டு. அதற்காக வாலில் கொழுப்பைச் சேர்த்து வைக்கிறது.

அந்த வாலைப் பற்றித்தான் இன்று முக்கியமாகப் பேச வந்தேன்.

"தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது, சுலபம்" என்று கடையில் சொல்வார்கள். பாதி உண்மை. சாந்தமான பிராணி, கடிப்பது அபூர்வம், 20 முதல் 25 சென்டிமீட்டருக்கு மேல் பெரும்பாலும் வளராது. ஆனால் சுலபம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் செய்கிற பிழையை அது பல வாரம், சில சமயம் பல மாதம் வாலில் இருக்கும் கொழுப்பைக் கரைத்தே சமாளித்துவிடும். முனகாது, குரைக்காது. பெட்டிக்குள் சூடு போதாவிட்டால் மூலையில் சும்மா கிடக்கும். நாம் "நல்ல அமைதியான பிள்ளை" என்று சொல்லிக்கொண்டிருப்போம். வால் மெலிந்த பிறகுதான் நமக்கு விளங்கும். ஆகவே வாலை வங்கிப் புத்தகம் போலப் பாருங்கள். சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து மாதம் ஒருமுறை எடை எடுத்து எழுதி வையுங்கள். வளர்ந்தவை அநேகமாக 50 முதல் 80 கிராம் இருக்கும். எண்ணைவிட அது போகும் திசைதான் முக்கியம். இரண்டு மாதம் தொடர்ந்து இறங்கினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

சரி, எங்கே பிழை விடுகிறோம்? முதலாவது சூடு. ஊர்வனவற்றின் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்காது. வெளியிலிருந்து சூடு கிடைக்காவிட்டால் வயிற்றில் போன பூச்சி செரிக்காது. சாப்பாடு கொடுத்தும் மெலிகிறதே என்று திகைக்கிறவர்கள் முதலில் வெப்பமானியைப் பார்க்க வேண்டும். பெட்டியின் ஒரு பக்கத்துத் தரை 32 பாகை செல்சியஸ் அளவிலும், மறுபக்கம் 24 அளவிலும் இருக்கட்டும். எங்கே படுப்பது என்று அது தானே தீர்மானிக்கும். அதற்கு 90 சென்டிமீட்டர் நீளப் பெட்டி வசதியாக இருக்கும். சின்னப் பெட்டியில் இரண்டு பக்கமும் ஒரே சூடாகிவிடும்.

சூடாக்கும் விளக்கோ, அடியில் விரிக்கும் ஹீட் மேட்டோ எதுவானாலும், சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் இணைக்கவே கூடாது. கட்டுப்பாடில்லாத ஹீட் மேட் வயிற்றைச் சுட்டுவிடும். சுடுகிறது என்று உணர்ந்து அது எழுந்து ஓடும் என்று நம்பியிருக்க முடியாது. சூடாகும் கல் என்று விற்பதையும் வாங்காதீர்கள். பெட்டி, தெர்மோஸ்டாட், விளக்கு எல்லாம் சேர்ந்தால் பல்லியின் விலையைத் தாண்டிவிடும். முதலில் பெட்டியை வாங்கி, ஒரு வாரம் வெறுமையாக ஓட விட்டு, சூடு சரியாக நிற்கிறதா என்று பாருங்கள். பிள்ளை அந்த ஒரு வாரம் பொறுக்காவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

ஒளிந்துகொள்ள மூன்று இடம் வேண்டும். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, நடுவில் ஈரப் பாசி போட்ட மூடிய டப்பா ஒன்று. தோல் உரிக்கும்போது அந்த ஈரம் இல்லையென்றால் விரல் நுனியில் பழைய தோல் நூல் கட்டியது போல இறுகி, இரத்த ஓட்டம் நின்று, விரலே போய்விடும். உரித்த தோலை அது தானே தின்றுவிடும். பார்த்துப் பதற வேண்டாம்.

அப்புறம் சாப்பாடு. இலை, பழம், சோறு எதுவும் தின்னாது. பூச்சி மட்டும்தான், அதுவும் உயிரோடு. சில்வண்டு, வெட்டுக்கிளி, டுபியா கரப்பான் என்று இங்கே கடையில் டப்பாவில் விற்கிறார்கள். வீட்டில் கரப்பானை விரட்டி வாழ்ந்த நமக்கு அதை வாங்கி வந்து காரட் போட்டு வளர்ப்பது ஒரு சோதனைதான். குடும்பத்தில் யாருக்காவது அது முடியாது என்றால் இந்த யோசனையை இங்கேயே விட்டுவிடுவது நல்லது. பூச்சியின் அளவு பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைத் தாண்டக் கூடாது. குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. தின்னாத சில்வண்டை இரவில் உள்ளே விட்டுவைத்தால் அது பல்லியையே கடிக்கும்.

இந்தப் பூச்சிகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. கால்சியப் பொடியில் புரட்டிப் போடாவிட்டால் எலும்பு மெழுகு போல வளைந்து, தாடை தொய்ந்து, நடக்க முடியாமல் போகும். கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும்; புற ஊதா ஒளி பட்டால் உடம்பே அதை உண்டாக்கிக்கொள்ளும். இரவுப் பிராணிக்குப் புற ஊதா விளக்கு தேவையே இல்லை என்று முன்பு சொன்னார்கள். இப்போது மென்மையான புற ஊதா விளக்கு நல்லது என்றுதான் அறிவுறுத்துகிறார்கள். கண் கூசுகிற வெளிர் நிற வகைகளுக்கு மட்டும் கவனமாகப் போட வேண்டும்.

நிறம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். மனிதர் இனப்பெருக்கி எடுத்த விதவிதமான நிறங்களுக்கு விலையும் விதவிதம். எனிக்மா என்ற வகையில் நரம்புக் கோளாறு வருகிறது: தலை சாய்ந்து, சுற்றிச் சுற்றி வந்து, இரையைக் குறி தவறும். லெமன் ஃப்ராஸ்ட் என்ற பளீர் மஞ்சள் வகையில் பெரும்பாலானவற்றுக்குத் தோலில் கட்டி வருகிறது. அதற்குக் காரணமாக ஒரு மரபணுவை 2021இல் வெளியான ஆய்வு சுட்டியது. மனிதரின் தோல் புற்றுநோயோடும் தொடர்புள்ள மரபணு அது. அழகாக இருக்கிறது என்பதற்காக நோயைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. சாதாரணப் புள்ளி வகையே எனக்குப் போதும்.

ஒன்றுக்குத் துணையாக இன்னொன்று வாங்கலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேண்டாம். இரண்டு ஆண்கள் ஒன்றையொன்று கிழித்துவிடும். ஆணும் பெண்ணும் என்றால் முட்டை வரும். முட்டையிருக்கும் சூடுதான் குட்டி ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும்: 26 பாகையில் பெரும்பாலும் பெண், 32, 33இல் பெரும்பாலும் ஆண், 34ஐத் தாண்டினால் மறுபடி பெண். கேட்கச் சுவையாக இருக்கும். ஆனால் குட்டிகளை யாரிடம் கொடுப்பீர்கள்? தனியே இருப்பதில் அதற்கு எந்தக் குறையும் இல்லை.

வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், கழன்றுவிடும். மறுபடி முளைக்கும், ஆனால் கொழுக்கட்டை மாதிரிக் குண்டாக, பழைய வளையங்கள் இல்லாமல். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஊர்வனவற்றிடம் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீட்டில் இன்னும் சில வருடம் தள்ளிப் போடுங்கள்.

இங்கே 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி 16 வயதுக்குக் குறைந்தவருக்குத் தனியாகப் பிராணி விற்க முடியாது. கடையில் பெயர் கொடுக்கிறவர் அம்மாவோ அப்பாவோதான், பொறுப்பும் அவர்களுக்கே. 15, 20 வருடம் வாழக்கூடிய பிராணி. கேட்ட பிள்ளை பல்கலைக்கழகம் போன பிறகும் சில்வண்டு வாங்கப் போகிறவர் நீங்கள்தான். அது உங்களுக்குச் சம்மதம் என்றால், ஊர்வனவற்றைப் பார்க்கிற மருத்துவர் அருகில் யார் என்று முன்கூட்டியே விசாரியுங்கள், எல்லா மருத்துவரும் பார்ப்பதில்லை. கைவிடப்பட்ட பல்லிகளைப் பராமரிக்கும் இடங்களிலும் கேட்டுப் பாருங்கள், வளர்ந்த பல்லி பலருக்கு வேண்டாததாகி அங்கே காத்திருக்கும். எங்கே எடுத்தாலும், வால் கழுத்தளவு தடிப்பாக இருக்கிறதா, விரல்கள் முழுதாக இருக்கின்றனவா என்று பார்த்து, உங்கள் கண் முன்னால் ஒரு பூச்சியாவது தின்ற பிறகு எடுங்கள்.

நன்றி, வணக்கம்.